தறியா? தலைவிதியா?

"வரலாறு ஒரு நெசவு!"

அழகான தொடர். ஓவியக்கூடங்களின் சுவரிலே இது தொங்குகிறது. கண்காட்சி மலர்களின் முன்னுரையிலே மின்னுகிறது. கலை விமர்சகர் நாவிலே நடனமாடுகிறது. காலம் பாவாம், மனிதர் ஊடையாம், நிகழ்ச்சிகள் வண்ண இழைகளாம். இழையோடு இழை கூடி, ஆடையாகி நிற்பதே வரலாறாம்! கேட்கச் சுவையாக இருக்கிறது. கேட்ட மாத்திரத்திலே தலை தானாக அசைகிறது.

தலை தானாக அசையும்போதெல்லாம் சற்றே நிறுத்தி, ஏன் அசைகிறது என்று கேட்பது பகுத்தறிவாளன் பழக்கம். கேட்டுப் பார்ப்போம். வரலாறு நெசவு என்றால், நெய்தவர் யார்? நெய்யச் சொன்னவர் யார்? உடுத்தவர் யார்? உடுத்தக்கூடாது என்று விரட்டப்பட்டவர் யார்? இந்த நான்கு கேள்விகளுக்கும் அந்த அழகிய தொடரிலே விடை இருக்கிறதா?

"உவமைதானே ஐயா, இதிலென்ன ஆராய்ச்சி?" என்பார் உண்டு. உவமையிலே இரு வகை. முகத்தை நிலவு என்றால் நிலவுக்கும் நட்டமில்லை, முகத்துக்கும் நட்டமில்லை. மன்னனைத் தந்தை என்று கூறினாலோ, அந்தக் கணமே குடிமக்கள் குழந்தைகளாகி விடுகிறார்கள். குழந்தை கணக்குக் கேட்கலாமா? குழந்தை வாதாடலாமா? ஒரே சொல்லிலே ஒரு நாட்டின் உரிமையையே சுருட்டிவிட முடிகிறது.

இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? சமுதாயத்தை ஓர் உடல் என்று பாடி வைத்தார்கள். வாய் ஒரு வருணம், தோள் ஒரு வருணம், தொடை ஒரு வருணம், காலிலே பிறந்தது ஒரு வருணம் என்று ரிக் வேதத்துப் புருஷ சூக்தம் பகுத்துச் சொல்லிற்று. அதுவும் உவமைதான்! பாடும்போது உவமை, மனுவின் ஏட்டிலே ஏறியபோது சட்டம், தெருவிலே இறங்கியபோது தடி. காலிலே பிறந்தவன் தலையிலே துண்டு கட்டலாமா என்று கேட்டு அடித்தவனுடைய கையிலே இருந்தது மூங்கில் தடி; அவன் மூளையிலே இருந்தது அந்த உவமை!

ஆகவே உவமையை விசாரிப்பது வீண் வேலை அன்று. அழகாயிருக்கிறது என்ற காரணத்துக்காக ஒரு கருத்தைக் காவலின்றி உள்ளே விடுவது அறிவுக்கும் அழகன்று.

முதலிலே தறியைப் பார்ப்போம். தறியைப் பாராமலே தறியைப் பற்றிப் பாடுவோர் பெருகிவிட்ட காலம் இது.

நூலை நீளமாக ஓட்டிப் பாவாக்க வேண்டும். விடியற்காலையிலே தெருவிலே அதை நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, நீவி நீவிப் பிரித்து, வெயில் ஏறுமுன் பதமாக உலர்த்த வேண்டும். மழை வந்தால் அன்றைய பிழைப்பு போயிற்று. பிறகு ஒவ்வோர் இழையாக விழுதிலும் அச்சிலும் கோத்து, பாவைத் தறியிலே ஏற்ற வேண்டும். வீட்டுப் பெண்கள் தார் சுற்றித் தர, நெசவாளி குழியிலே காலை இறக்கி அமர்ந்து, மிதியை மிதித்து, நாடாவை எறிந்து, அச்சை இழுத்து அடிக்கிறார். ஓர் ஊடை விழுகிறது. மறுபடி மிதி, மறுபடி எறி, மறுபடி அடி. ஆயிரமாயிரம் தடவை அடித்த பிறகே ஒரு முழம் துணி.

இந்த வேலையிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாவு நூல் ஓடுவதில்லை. இரு முனையிலும் இழுத்துக் கட்டப்பட்டு, விறைத்து நிற்கிறது. ஓடி விளையாடுவதெல்லாம் ஊடை நூல்தான். ஓட்டம் எப்போதும் ஊடைக்கு. வலி எப்போதும் பாவுக்கு. துணி முடிந்து, மடித்து, கடைக்கு வந்த பிறகு, எந்த நூல் எவ்வளவு இழுபட்டது என்று எவருக்காவது தெரிகிறதா? துணியை விரித்தால் பூ தெரியும், கரை தெரியும், பளபளப்புத் தெரியும். இழுப்புத் தெரியாது.

'வரலாறு நெசவு' என்ற தொடரிலே மறைந்திருக்கும் தொல்லை இதுதான். அது முடிந்த துணியை மட்டும் நம் கையிலே தருகிறது. எல்லா இழைகளும் இசைந்து வந்து கூடியதாக ஒரு மயக்கம் தருகிறது. நூல் தானே வந்து தறியில் ஏறிற்று, பூ தானே பூத்தது என்ற பாவனை பிறக்கிறது. "எத்தனை இனம், எத்தனை சாதி, எத்தனை நிறம்! எல்லாம் சேர்ந்த அழகைப் பாருங்கள்!" என்று கைதட்டத் தோன்றுகிறது. இழுத்துக் கட்டியவனுக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைப்பானா?

தமிழுக்கு இந்த உவமை புதிதா? இல்லை. ஏட்டையும் நூல் என்கிறோம், இழையையும் நூல் என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்த மொழி நம்முடையது. பவணந்தியாரின் நன்னூற் பாயிரத்திலே இந்த ஒப்புமை விரிவாகவே வருகிறது. சொல் பஞ்சு, நூற்பா இழை, புலவன் நூற்கின்ற பெண், அவள் கை அவன் வாய், அவள் கதிர் அவன் மதி. இப்படியாக ஒரு நூல் முடிகிறது என்கிறார்.

எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த உவமையின் நேர்மையைப் பாருங்கள்! பஞ்சு உண்டு, இழை உண்டு, கருவி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கை உண்டு, அந்தக் கைக்குரிய பெண் உண்டு. கற்றறிந்த புலவனைக் கொண்டுவந்து, கதிர் சுற்றும் பெண்ணுக்கு ஒப்பாக உட்கார வைக்கிறது அந்தப் பாயிரம். இன்றைய கலை முன்னுரை நூலை வைத்துக்கொண்டது. நூற்றவளை வெளியே தள்ளிவிட்டது. உவமையின் வளர்ச்சியா இது, தேய்வா?

இதைக் களியக்காவிளையிலிருந்து எழுதுகிறேன். நெசவையும் வரலாற்றையும் பற்றிப் பேச இந்த ஊருக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தகுதி உண்டு, இந்த மண்ணிலே துணி உவமையாக இருந்ததில்லை. துணி சட்டமாக இருந்தது. துணியே குற்றமாக இருந்தது.

1956 நவம்பர் முதல் நாள், அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. அதற்கு முன்னர் இது திருவிதாங்கூர். அந்த அரசிலே உடம்பின் எந்தப் பகுதியை எந்தச் சாதி மறைக்கலாம் என்பதற்கும் ஒழுங்குமுறை இருந்தது. முழங்காலுக்குக் கீழே முண்டு இறங்கலாகாது ஒரு சாதிக்கு. மார்பிலே மேலாடை ஏறலாகாது அந்தச் சாதியின் பெண்ணுக்கு. மேல்சாதியாரைக் கண்டால் தோளிலே கிடப்பதை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் மரியாதை!

கிறித்தவ மதத்திலே சேர்ந்த நாடார் பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியத் தொடங்கினர். குப்பாயம் போதும் என்று அரசு சொல்லிற்று. அவர்கள் மேலாடையும் அணிந்தனர். 1822இல் கல்குளம் வட்டாரத்திலே கலகம் மூண்டது. சந்தைக்குச் சென்ற பெண்களின் மேலாடைகள் பிடித்து இழுத்துக் கிழிக்கப்பட்டன. பள்ளிக்கூடங்களும் தொழுகைக் கூடங்களும் எரிந்தன. 1829இலே அரசு அறிக்கை ஒன்று வந்தது: குப்பாயம் அணியலாம், மேல்முண்டு கூடாது! போராட்டம் தணிந்தது, மூண்டது, மறுபடி தணிந்தது. 1858இன் இறுதியிலே மீண்டும் பற்றி எரிந்தது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் தலையிட்டு வற்புறுத்தினார். 1859 சூலை 26ஆம் நாள், உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மன்னர் அறிக்கை பிறப்பித்தார்.

என்ன சொல்லிற்று அந்த அறிக்கை? இளைஞர்கள் இதை மனத்திலே எழுதிக்கொள்ள வேண்டும். நாடார் பெண்கள் கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் அணியலாம். எந்த மதத்தவராயினும் முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியலாகாது!

முப்பத்தேழு ஆண்டுகள் அடிபட்டு, உதைபட்டு, வீடிழந்து பெற்ற உரிமையின் கடைசி வரி 'ஆனால்' என்று தொடங்கிற்று. துணி தரலாம், மெல்லிய துணி தரலாகாது. மறைக்கலாம், மறைக்கும் முறை ஒன்றாய் இருக்கலாகாது. நூலின் பருமனிலே சாதியை அளந்த அரசு அது!

இந்தப் போராட்டத்தைத் தோள்சீலைப் போராட்டம் என்கிறோம். அதே காலத்திலே சாமித்தோப்பிலே வைகுண்டர் (1809–1851) தம்மைச் சேர்ந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். குனிந்து நடந்தவன் தலையிலே ஒரு முழத் துணி ஏறியதும் நிமிர்ந்தான். சிறிது வடக்கே, வெங்ஙானூரிலே பிறந்த அய்யன்காளி, 1893இல் வெள்ளை வேட்டியும் மேல்துண்டும் தலைப்பாகையும் அணிந்து, வில்லுவண்டியிலே ஏறி, தடுக்கப்பட்ட பொதுச் சாலையிலே போனார். வண்டிக்கும் தடை, சாலைக்கும் தடை, துண்டுக்கும் தடை. ஒரே பயணத்திலே மூன்றையும் மீறினார்.

இனி, மற்றொரு காட்சி. களியக்காவிளையிலிருந்து பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை கடந்து போனால், இருபது கிலோமீட்டருக்குள்ளாகவே பாலராமபுரம். கைத்தறிக்குப் பெயர் போன ஊர். பாலராம வர்மா (1798–1810) என்ற மன்னர் பெயரால் அமைந்தது. தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து, தெரு தெருவாகக் குடியமர்த்தி, அரண்மனைக்கும் மேல்குடியினருக்கும் வேண்டிய மெல்லிய ஆடைகளை நெய்யச் செய்தார்கள். குழித்தறியிலே, எறிநாடாவிலே, இரு பக்கமும் ஒன்றுபோல் தோன்றும் கசவுக் கரையோடு அவர்கள் நெய்த முண்டும் நேரியதும் இன்றும் புகழோடு விற்கின்றன.

காலத்தைச் சேர்த்துப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாலராமபுரத்திலே தறி ஏறுகிறது. அடுத்த சில ஆண்டுகளிலே கல்குளத்திலே சீலை கிழிகிறது. ஒரே நாடு, ஒரே மன்னர் குடும்பம், ஒரே பருத்தி! ஒரு தெருவிலே மேலாடை பூப்போல நெய்யப்படுகிறது; அதே அரசின் மற்றொரு தெருவிலே மேலாடை பெண்ணின் தோளிலிருந்து பிய்த்தெறியப்படுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் பாராதவன் பாலராமபுரத்துக் கசவைப் பார்த்து, "ஆகா, நம் பண்பாட்டின் நெசவு!" என்று கூறினால், அவன் பாதி வரலாறு பேசுகிறான். பாதி வரலாறு பல சமயம் முழுப் பொய்யைவிடக் கேடானது. பொய்யை மறுக்கலாம், பாதியை மறுக்க முடிவதில்லை.

நாகர்கோவிலிலும் இதைப் போன்ற முரண் ஒன்று உண்டு. 1820களிலே அங்கே வந்திருந்த திருமதி மால்ட் என்ற ஆங்கிலேய மாது, உள்ளூர்ப் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த ரேந்தை கடல் கடந்து சென்று சீமாட்டிகளின் கழுத்தையும் கையையும் அலங்கரித்தது. எந்த வட்டாரத்துப் பெண்ணின் தோளிலே சீலை கிடப்பதே கலகத்துக்குக் காரணமாயிற்றோ, அந்த வட்டாரத்துப் பெண்ணின் விரல்கள் அயல்நாட்டுத் தோள்களுக்கு அலங்காரம் பின்னின! ஆயினும் அந்தக் கூலி அவள் கைக்கே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கைக்குக் கூலி வந்ததும் கண்ணுக்குத் துணிவு வரும்.

இங்கே அறநூல் மாணவர் ஒரு கேள்வி எழுப்பலாம். "அப்படியானால் பாலராமபுரத்து நெசவாளியும் அந்த அநீதிக்குப் பங்காளிதானே? மேல்சாதிக்கென்று நெய்தவர் அவர்தானே?"

நல்ல கேள்வி. நழுவாமல் விடை காண வேண்டும். நெசவாளி நூலைக் கோத்தார், நாடாவை எறிந்தார். இன்ன அகலம், இன்ன கரை, இன்னாருக்கு என்று தீர்மானித்தவர் அவர் அல்லர். இன்னார் உடுத்தக்கூடாது என்று ஆணையிட்டவரும் அவர் அல்லர். குழியிலே கால் வைத்தவருக்கும் அரியணையிலே கால் வைத்தவருக்கும் ஒரே அளவு பொறுப்பைப் பங்கிட்டுக் கொடுப்பது நீதியாகாது. கைக்கு ஒரு பொறுப்பு உண்டு. கட்டளைக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு உண்டு. கட்டளையால் பயன்பெற்று, பயன்பெற்றதை அறியாதவர்போல் உடுத்தித் திரிந்தவருக்கும் பொறுப்பு உண்டு. நெய்பவர், நெய்யச் சொன்னவர், உடுத்தவர், மறுக்கப்பட்டவர் என்று நால்வரையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்தால்தான் யாருக்கு எவ்வளவு என்று தெரியும். 'வரலாறு நெய்யப்பட்டது' என்று செயப்பாட்டு வினையிலே சொல்லி முடித்தால் நால்வரும் ஒரு துணியிலே மறைந்து விடுகிறார்கள். குற்றவாளி தப்புகிறான், கூலிக்காரர் பெயரில்லாமல் போகிறார், குரலிழந்தவள் மறுபடி குரலிழக்கிறாள்.

அப்படியானால் இந்த உவமையையே ஒழித்துவிட வேண்டுமா? கலைஞர் தறியைத் தொடவே கூடாதா? அப்படியன்று. நேர்மையாகத் தொட்டவர்கள் இருக்கிறார்கள்.

லட்சுமி மாதவன் என்ற ஓவியர், தம் பாட்டியின் நினைவாகவும் கசவு முண்டின் வழியாகவும், பாலராமபுரத்து நெசவாளரோடு சேர்ந்து கலைப்படைப்புகள் செய்து வருகிறார். 2021இல் ஆலப்புழையிலே 'லோகமே தறவாடு' என்ற பெருங்கண்காட்சியிலே அவை வைக்கப்பட்டன. யார் உடல், யார் ஆடை, யார் கை என்ற கேள்விகளைத் துணியின் மீதே எழுப்பும் முயற்சி அது. நம் எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்துத் தறி, கலைக்கூடத்துக்குள்ளே கேள்வியோடு நுழைந்திருக்கிறது.

கானா நாட்டிலே 1944இல் பிறந்த எல் அனட்சுயி, நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. அவர் தந்தை கெண்டே என்ற ஆப்பிரிக்க ஆடை நெய்தவர். மகனோ நூலைத் தொடவில்லை. மதுப்புட்டிகளின் மூடிகளை எடுத்து, தட்டி நசுக்கி, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்து, சுவரளவு ஆடைகளாகத் தொங்கவிட்டார். தொலைவிலிருந்து பொன்னாடை, அருகிலே போனால் சாராய மூடி! ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரையிலே மதுவைக் கொடுத்து மனிதரை வாங்கிய அடிமை வாணிகத்தை அந்த மூடிகள் நினைவூட்டுகின்றன. அழகைக் காட்டி, அருகே இழுத்து, அழகு எதனால் ஆனது என்று கேட்க வைக்கிறார். 2015இல் வெனிசு கலைவிழா வாழ்நாள் சாதனைக்கான பொற்சிங்கப் பரிசை அவருக்கு வழங்கிற்று.

நார்வே நாட்டிலே ஹன்னா ரிக்கன் என்ற அம்மையார் இருந்தார். பண்ணை வீட்டிலே ஆட்டு மயிரைத் தாமே நூற்று, செடிகொடிகளால் தாமே சாயமேற்றி, தாமே நெய்தவர். 1935இல் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது, அந்தக் கொடுமையைத் திரையிலே நெய்தார். முசோலினியின் தலையை ஈட்டி துளைத்து நிற்பது போல ஒரு பகுதி. 1937இல் பாரிசு உலகக் கண்காட்சிக்கு அது சென்றது. இத்தாலி மனம் நோகுமே என்று, அந்தப் பகுதியை மட்டும் மடக்கி மறைத்து வைத்தார்கள்!

அதே கண்காட்சியிலேதான் பிக்காசோவின் 'குவெர்னிகா' இருந்தது. குண்டு வீசி அழிக்கப்பட்ட ஸ்பானிய ஊரின் ஓலம் அது. 1955இல் அந்த ஓவியத்தை ஒரு நெசவுத் திரையாக நெய்யச் செய்தார் நெல்சன் ராக்பெல்லர். பின்னாளிலே அது நியூயார்க்கு ஐ.நா. மன்றத்திலே, பாதுகாப்பு அவையின் வாயிலுக்கு வெளியே தொங்கிற்று. 2003 பிப்ரவரியிலே ஈராக் மீது போர் தொடுக்க வாதாட அமெரிக்க அமைச்சர் பவல் அங்கே வந்தபோது, அந்தத் திரையின் மேல் ஒரு நீலத் திரை விழுந்தது. நெய்த துணி பேசிற்று. மற்றொரு துணி அதன் வாயை மூடிற்று!

பிக்காசோ பெயரை உலகம் அறியும். ராக்பெல்லர் பெயரையும் அறியும். அந்தத் திரையை நெய்தவர் ஜாக்குலின் தெ லா போம் துர்பாக் என்ற பெண்மணி என்பதை எத்தனை பேர் அறிவர்? தீட்டியவனுக்குப் பெயர் உண்டு, பணம் கொடுத்தவனுக்குப் பெயர் உண்டு. நெய்தவள் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. பாலராமபுரத்து ஆடைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, மகிழ்ச்சி. ஊருக்குப் பெயர் வந்தது. ஒவ்வொரு முண்டின் கரையிலும் நெய்தவர் பெயர் வருமா?

மடக்கி மறைப்பது பாரிசிலும் நியூயார்க்கிலும் மட்டும் நடப்பதா? நம் வீட்டுக்கு வருவோம். மத்தியப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலிலே, ஆடையின் சமூக வரலாற்றைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அதிலே சாதிப் பூசலும் உடை மாற்றமும் என்ற பகுதியிலே தோள்சீலைப் போராட்டம் இடம்பெற்றிருந்தது. 2016 டிசம்பரிலே, அந்தப் பகுதியைப் படிக்க வேண்டியதில்லை, தேர்விலே கேள்வி வராது என்று மத்தியக் கல்வி வாரியம் அறிவித்தது. 2019இல் அந்தப் பாடமே நூலிலிருந்து நீக்கப்பட்டது.

அந்தப் பகுதியின் சில வரிகள் சமூகத்தைத் தவறாகச் சித்திரிக்கின்றன, இழிவுபடுத்துகின்றன என்று எதிர்ப்பு எழுந்தது உண்மை. வரி தவறென்றால் வரியைத் திருத்துங்கள். கிழிந்த இடத்தை இழையோட்டித் தைப்பார்களா, துணியையே தூக்கி அடுப்பிலே போடுவார்களா? தவறான வரிக்குப் பதிலாகச் சரியான வரி வந்திருக்க வேண்டும், வந்தது வெற்றிடம். கல்குளத்துச் சந்தையிலே ஒருமுறை கிழிக்கப்பட்ட சீலை, பாடநூலிலே இரண்டாம் முறை கிழிக்கப்பட்டது. இந்தத் தடவை கிழித்தவன் கையிலே தடி இல்லை, பேனா இருந்தது.

வகுப்பறையிலே நிற்பவன் என்ற முறையிலே இதன் விளைவை நான் அறிவேன். பாடத்திலே இல்லாதது தேர்விலே இல்லை. தேர்விலே இல்லாதது பிள்ளைகள் நினைவிலே இல்லை. தன் கொள்ளுப்பாட்டி எந்த உரிமைக்காகக் கல்லடி பட்டாளோ, அந்த உரிமையை உடுத்திக்கொண்டு வந்து உட்காரும் மாணவி, அப்படி ஒன்று நடந்ததையே அறியாமல் பள்ளியை முடித்துப் போகலாம். முடிந்த துணியிலே அறுந்த நூல் தெரியாது என்றேனே, அது இப்படித்தான் நடக்கிறது.

"பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்? இன்று எல்லோரும் எல்லாம் அணிகிறார்களே!" என்று கேட்பர் நல்லவர் சிலர். அணிகிறார்கள், மகிழ்ச்சி. எப்படி வந்தது அந்த மகிழ்ச்சி? தானாக வந்ததென்று நம்புகிறவன், தானாகப் போனாலும் வாய்மூடி இருப்பான். போராடி வந்ததென்று அறிந்தவனே காவல் காப்பான். புண்ணைக் கிளறுவது வேறு. தழும்பு எப்படி வந்தது என்று பிள்ளைக்குச் சொல்லுவது வேறு.

"கலைஞன் என்ன கணக்கப்பிள்ளையா? நெய்தவர் யார், உடுத்தவர் யார் என்று பட்டியல் கொடுக்கவா அவன் பிறந்தான்? அழகைப் படைப்பதே அவன் கடமை" என்று வேறு சிலர் சீறுவர். பட்டியல் கேட்கவில்லை நாம். ரிக்கன் பட்டியலா கொடுத்தார்? அனட்சுயி கணக்கா எழுதினார்? அழகும் குறையவில்லை, உண்மையும் மறையவில்லை. இரண்டும் ஒரே படைப்பிலே கூடும் என்று கைகளால் காட்டியவர்கள் அவர்கள். அறம் பேசினால் அழகு கெடும் என்பது, அறம் பேச அஞ்சுகிறவன் கட்டிவிட்ட கதை.

ஆகவே நாம் சொல்வது இதுதான். வரலாற்றை நெசவு என்று கூறுங்கள், தடையில்லை. ஆனால் முழு நெசவையும் கூறுங்கள். குழியிலே இறங்கிய காலையும் கூறுங்கள், தார் சுற்றிய விரலையும் கூறுங்கள், கட்டளையிட்ட வாயையும் கூறுங்கள், துணி மறுக்கப்பட்ட தோளையும் கூறுங்கள். இவற்றைக் கூறாத உவமை அலங்காரம்; கூறுகின்ற உவமை அறிவு.

முழுமையாகக் கூறினால் இந்த உவமையிலே நமக்கொரு பெரும் பரிசு காத்திருக்கிறது. பாட்டன் காலந்தொட்டு நம் மக்களிடம் வேறோர் உவமை குடியிருக்கிறது. 'தலையில் எழுதியபடி நடக்கும்' என்பது அது. எழுதியவன் எங்கோ இருக்கிறான். எழுத்து மண்டையோட்டிலே இருக்கிறது. படிக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அந்த உவமைதான் சீலையின்றி நின்றவளை, "இது நம் விதி" என்று சொல்ல வைத்தது. அந்த விதியைத் தள்ளிவிட்டுத்தான் 1822இலே அவள் தோளிலே துணி ஏறிற்று. எழுத்தென்று சொல்லப்பட்டது எழுத்தன்று, எவனோ இழுத்துக் கட்டிய பாவு என்று கண்டுகொண்டவள் அவள். வரலாறு தறியிலே உருவானது என்றால், மனிதர் கையால் உருவானது. கையால் உருவானதைக் கையாலேயே மாற்றலாம். தவறாக ஓடிய ஊடையைப் பிரிக்கலாம், அறுந்த இழையை முடிச்சிட்டுச் சேர்க்கலாம், கரையை மாற்றலாம், வேண்டுமானால் பாவையே புதிதாக ஏற்றலாம். தலைவிதிக்கு இந்த வசதி கிடையாது.

இளைஞர்காள்! முடிச்சிடும் வேலை நம்முடையது. உங்கள் வீட்டு மூதாட்டியிடம் கேளுங்கள்: அவர் பாட்டி என்ன உடுத்தினார், எதை உடுத்த விடவில்லை, யார் விடவில்லை என்று. கேட்டதை எழுதி வையுங்கள். பாலராமபுரத்துக்குச் சென்று தறியைப் பாருங்கள். துணியின் விலையை மட்டும் கேட்காமல் நெய்தவர் கூலியையும் கேளுங்கள். பாடநூலிலிருந்து ஒரு பக்கம் பறிபோனால், படிப்பகத்திலே அந்தப் பக்கத்தை உரக்கப் படியுங்கள்.

நன்னூற் பாயிரம் நூலுக்கு மற்றோர் ஒப்புமையும் சொல்கிறது. தச்சன் மரத்தின் மீது நூல் பிடித்துக் கோணலைக் களைகிறான்; அதுபோல மனத்தின் கோணலைக் களைவதே ஏட்டு நூலின் மாண்பு. தறியிலே ஓடும் நூல் உடலை மறைக்கும். தச்சன் பிடிக்கும் நூல் கோணலைக் காட்டிக் கொடுக்கும். வரலாற்றுக்கு முதல் நூலை நிறையவே பயன்படுத்திவிட்டோம். இனி இரண்டாவது நூலைப் பிடிப்போம்.